வேலைச் சீட்டில் ‘போகுமிடம்’

நம் பட்டறையின் வேலைச் சீட்டில் பெயர், வண்டி எண், கோளாறு ஆகிய மூன்றுக்கும் கீழே ‘போகுமிடம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன மாதம் மலைமேல் தானா ராத்தாவுக்குப் பட்டறையைப் பார்க்க வந்தபோது மேசையில் கிடந்த சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஒன்றில் மட்டும் உங்களில் யாரோ ‘சொர்க்கம்’ என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்திருந்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கட்டத்தை அச்சடிக்கச் சொன்னவன் நான். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. வேலையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிறகாவது சொல்லியிருக்க வேண்டும்.

உங்களில் சிலருக்குத் தெரியும், பட்டறை வேலையோடு பல ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்கு இந்த மலையிலிருந்து செய்தியும் அனுப்பிக்கொண்டிருந்தேன். மண்சரிவு, கோயில் திருவிழா, தோட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டி. யார், எப்போது, எங்கே என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் செய்தி திரும்பி வரும். செய்தியில் நான் ஒருமுறைகூட ‘எங்கே’யை விட்டதில்லை. பட்டறையில் விட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்றை முதலில் விளக்கிவிடுகிறேன். பழைய வண்டிகளின் கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நடுவில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகிறது. மலையில் காற்று மெல்லியது. கீழே கொடுக்கும் அளவுக்கு இங்கே பெட்ரோல் கொடுத்தால் எஞ்சின் திணறும், கறுப்பாகப் புகைவிடும், பிளக் நனைந்துபோகும். அதனால் துளை சிறிய ஜெட்டை மாட்டுவோம். அதே வண்டி மலையிறங்கிச் சமவெளியில் ஓடினால் காற்று கனத்துவிடும், பெட்ரோல் போதாது, எஞ்சின் கொதிக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இதற்காக இந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. கழற்றிய பெரிய ஜெட்டுக்குக் ‘கீழ் ஜெட்’ என்று பெயர். அதை டயர் டியூபின் ஒரு துண்டில் சுற்றி, வண்டியின் சீட்டுக்கு அடியில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். கீழே போகிறவன் மலையின் கீழ்முனையான ரிங்லெட்டில் நிறுத்தி மாற்றிக்கொள்வான், அல்லது எவனையாவது மாற்றச் சொல்வான். நான் வேலை பழகிய கடையின் சீன முதலாளி ஒருமுறை, கட்ட மறந்த ஜெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளரின் வண்டிக்குப் பின்னால் ஆஸ்பத்திரி வளைவுவரை ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு செருப்பு வழியில் கழன்றுவிட்டது. திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அது நம்ம சாமான் இல்ல லா. அவன் சாமான்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் அதை விளங்கிக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

சவரிமுத்து ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் ஆலை வேலை பார்ப்பவர். பறித்து வந்த கொழுந்தை வாட்டும் பகுதியில் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கீழே சமவெளியில், தெலுக் இந்தானில் இருந்த அவருடைய மச்சான், வீட்டில் சும்மா கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரை அவருக்குக் கொடுத்திருந்தான். பெட்ரோல் தொட்டியில் அசல் வண்ணம் இன்னும் இருந்தது. தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி வண்டி. ஒரு செவ்வாய்க்கிழமை அதைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

“அண்ணே, ஏற மாட்டேங்குது லா. ரிங்லெட்டுலேருந்து வர்றதுக்குள்ள மூணு தடவ நிக்குது. பொகையில பின்னாடி வர்ற லோரிக்காரன் ஹாரன் அடிச்சே காதக் கிழிக்கிறான்.”

“இதுக்கு முன்னாடி யாரு கை வச்சா?”

“யாரு கை வைக்கலன்னு கேளுங்க. நாலு பேரு காப்ரேட்டரக் கழுவிட்டானுங்க. நம்ம வீட்டுப் பானைகூட இவ்ளோ சுத்தமா இல்ல.”

கார்புரேட்டர் உண்மையில் சுத்தமாகத்தான் இருந்தது. நான்கு பேரும் அழுக்கைத் தேடியிருக்கிறார்கள். நான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஈரக் கறுப்பு. எங்கே இருந்த வண்டி என்று கேட்டேன். தெலுக் இந்தான் என்றார். மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஜெட் கீழ் அளவு.

என் டப்பாவில் அந்த வண்டிக்குப் பொருந்தும் சிறிய ஜெட்டுகள் இரண்டு இருந்தன, அளவில் ஒன்றுக்கொன்று ஒரு படி வித்தியாசம். மலைக்கு ஒரு படி குறைத்தால் போதும். நான் இரண்டு படி குறைத்தேன். ஒரு படியில் வண்டி நன்றாக ஓடியது, இரண்டில் இன்னும் துள்ளியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. காரணம் வேறு எதுவும் இல்லை. சவரிமுத்து பிரிஞ்சாங் ஏற்றம்வரை போய்த் திரும்பி வந்து, இறங்காமலே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பேய் மாதிரி ஏறுது அண்ணே!”

கவனியுங்கள், வண்டி எங்கே இருந்தது என்று கேட்டேன். எங்கே போகப்போகிறது என்று கேட்கவில்லை. கழற்றிய கீழ் ஜெட்டைக் கட்ட அப்போது டியூப் துண்டு கைவசம் இல்லை. “அடுத்த தடவ வா, கட்டித் தர்றேன்” என்று சொல்லி ஜன்னல் திட்டில் வைத்தேன். சவரிமுத்துவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து பழைய மோட்டார் ஓட்டுபவர்களின் குழு ஒன்று மலைக்கு வந்திருந்தது. ஒரே மாதிரி சட்டை, ஒவ்வொருவர் ஹெல்மெட்டிலும் கேமரா. மதியம் அவர்களில் ஒருவர் பட்டறைக் கதவைத் தட்டினார். பல் மருத்துவர், தமிழர், நாற்பது வயதிருக்கும். சவரிமுத்துவிடம் இருந்த அதே ரக வண்டி. முகம் வெளிறிப்போயிருந்தது.

“அங்கிள், ஹோட்டல் சிங்க்ல வச்சுக் கழுவினேன். ஜெட் கைய விட்டு நழுவி உள்ள போயிடுச்சு. குழாயக் கழட்டிக்கூடப் பாத்தாச்சு. நாளைக்கு காலைல கிளினிக் திறக்கணும். பல்லப் பிடிச்சுக்கிட்டு ஆளுங்க உக்காந்திருப்பாங்க.”

கேட்டது கீழ் ஜெட். ஜன்னல் திட்டில் சவரிமுத்துவின் ஜெட் இருந்தது, சரியாக அதே அளவு. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். இவர் இன்றைக்கே மலையிறங்கி, சமவெளி நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்ட வேண்டியவர். சவரிமுத்து ஆலைக்கும் தோட்ட வரிசை வீடான லயத்துக்கும் ஓட்டுபவர், மிஞ்சினால் ஞாயிறு பூசைக்குத் தானா ராத்தா. ‘தோட்டத்து ஆள், கீழே எங்கே போகப்போகிறான்’ என்று நினைத்தேன். இந்தச் சொற்களில்தான் நினைத்தேன். நானும் லயத்தில் பிறந்தவன். என் அப்பா மருந்தடிக்கும் கேங்கில் இருந்தவர். அப்படி இருந்தும் இதே சொற்கள்.

பல் மருத்துவர் கிளம்பும் முன் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். மாலைக்குள் அது அவர்கள் குழுவில் ஓடி, என் பெண்ணின் தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது. ‘மலையின் மருத்துவர்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் அதை மூன்று முறை திறந்து பார்த்தேன். புது ஜெட் வாங்கி அனுப்புவதாக அவர் சொல்லியிருந்தார். சவரிமுத்துவிடம் சொல்லத் தேவையில்லை, வந்ததும் வைத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை சவரிமுத்து வந்தார். கூடவே அவர் மகள் ரெஜினாவும். டவுனில் தாள்களை நகல் எடுத்து, புதிய பிளாஸ்டிக் கோப்பு ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் அதை மழைத் தூறலிலிருந்து காப்பாற்ற ஜாக்கெட்டுக்குள் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தை அப்போதுதான் கேட்டேன். ரெஜினாவின் தாயிடம் எந்த அடையாளத் தாளும் இருந்ததில்லை. பெற்றோரின் திருமணப் பதிவு பிள்ளை பிறந்த பிறகுதான் நடந்தது. அதனால் தகப்பனுக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருந்தும் மகளுக்குக் குடியுரிமை இல்லை. பள்ளியில் தயவில் படித்தாள். மேற்படிப்புக்கு எங்கேயும் எடுக்கவில்லை. இருபத்தொரு வயது முடிவதற்குள் குடியுரிமையைப் பதிவு செய்துகொள்ள ஒரு வழி உண்டு. அந்த வழியில் போட்ட விண்ணப்பம் பல ஆண்டுகள் கிடந்து, இப்போது நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி, மலைக்குக் கீழே லிப்பிஸ் பதிவு அலுவலகத்தில். தகப்பனும் மகளும் நேரில் வர வேண்டும், அசல் தாள்களோடு. அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தொன்று முடிகிறது.

“நாட்டுக் கோட்பாடு, ருக்குன் நெகாரா, அஞ்சும் கேப்பாங்களாம் அண்ணே. இவ நாலு சொல்றா. நாலாவது எங்கயோ வழியில விழுந்துடுது.”

“அப்பா சும்மா சொல்றாரு அங்கிள். எனக்கு அஞ்சும் தெரியும். அவருக்குத்தான் ரெண்டுக்கு மேல வராது.”

“எனக்கு எதுக்கு லா? நாந்தான் ஏற்கனவே குடிமகன் ஆயிட்டேனே.”

மூவரும் சிரித்தோம். பிறகு சவரிமுத்து கேட்டார்.

“மேல திரிங்காப்லேருந்து குவாந்தானுக்கு கோஸ் ஏத்துற லோரி ஒண்ணு விடியக்காலம் போவுது. லிப்பிஸ் வழியாத்தான். ரெண்டு பேரையும் ஏத்திக்கிறேன்னு சொல்லியிருக்கான். இவளுக்கு லோரி ஆட்டத்துல வாந்தி வரும். போய் எறங்குறப்ப மூஞ்சி எப்படி இருக்கும் பாருங்க. மோட்டர்லயே போயிடலாமான்னு பாக்குறேன். கீழ போனா ஒண்ணும் ஆவாதுல்ல அண்ணே?”

இந்த இடத்தில் நீங்கள் சற்று நிற்க வேண்டும்.

எனக்குப் பதில் தெரியும். ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாக இறங்கும் சாலை முதலில் காடு, பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள், நீண்ட நேர்கோடுகள். இரண்டு பேர் பாரம். இரண்டு படி சிறிய ஜெட். ஆகும் என்பதுதான் பதில்.

செய்ய வேண்டிய வேலையும் தெரியும். ஜெட்டைக் கழற்றி, நுண்ணிய துரப்பணக் கம்பியால் துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும். பத்து நிமிட வேலை. கம்பி என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆனால் அவர் கண் முன்னால் அதைச் செய்தால், “என்னோட பழைய ஜெட் இருக்குல்ல, அத மாட்டுங்களேன்” என்று சொல்வார். அவர் பார்வை அதற்குள் ஒருமுறை ஜன்னல் திட்டுப் பக்கம் போய்வந்ததாக எனக்குத் தோன்றியது. போகாமலும் இருந்திருக்கலாம்.

“மெதுவா போனா ஒண்ணும் ஆவாது” என்றேன்.

கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியை ஒரு படி உயர்த்திக் கொடுத்தேன். பாதி முறுக்கில் ஓடும்போது அது கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டும், முழு முறுக்கில் எதுவும் செய்யாது. ஏதோ செய்துவிட்டோம் என்று என் மனதுக்குக் காட்ட அது போதுமானதாக இருந்தது.

“சூடானா நிறுத்தி ஆற வச்சுக்க. ஆறினா போயிடும்.”

“அப்ப லோரிக்காரன வேணாம்னு சொல்லிடவா?”

“சொல்லிடு லா. நான் பாத்த வண்டி.”

அவர் அங்கேயே நின்று தொலைபேசியில் லோரிக்காரனிடம் சொன்னார். மறுமுனையில் அவன் ஏதோ கேலி பேசியிருக்க வேண்டும். சவரிமுத்து சிரித்துக்கொண்டே, “அண்ணன் கை வச்ச மோட்டர் லா, உன் லோரிய முந்திட்டுப் போவேன்” என்றார்.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லும்போது எனக்கு எந்த வில்லத்தனமும் தெரிவதில்லை. ஒரு சின்னக் கூச்சம். வாடிக்கையாளரின் சாமானை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. அந்த இடத்தில் வேறொரு வாக்கியம் வந்தது. உங்களுக்கும் அது வரும். ‘மெதுவாகப் போ’ என்று சொல்லி நீங்கள் அனுப்பும் வண்டி, நீங்கள் சரிசெய்யாத வண்டி. அதை நீங்களே கேட்டுக்கொண்டிருப்பீர்கள், உங்கள் குரலிலேயே.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு அவர்கள் கிளம்பியிருக்க வேண்டும். நான் எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். முதல் வண்டியின் சங்கிலியைக் கழற்றும்போது என்னால் அதற்கு மேல் செய்ய முடியவில்லை. சவரிமுத்துவை அழைத்தேன்; தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நான்கு முறை அப்படியே. எட்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு என் வேனை எடுத்தேன். துரப்பணக் கம்பியையும் எடுத்து மேல் பையில் வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. இப்போது நினைத்தால் அது எவ்வளவு அபத்தம்.

ரிங்லெட்டில் திரும்பி அந்தச் சாலையில் இறங்கினால் மனித நடமாட்டம் குறைவு. ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமங்கள் சில, அதன் பிறகு காடு. ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் இல்லை என்பது எனக்கு நம்பிக்கை தந்தது. ஒன்பது மணி ஆனபோது, இந்நேரம் உள்ளே போயிருப்பார்கள், நாலாவதைச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பத்து மணிக்கு வேனைத் திருப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பத்தேகாலுக்கு அவர்களைப் பார்த்தேன். சுங்கை கோயானுக்கு முன்னால், செம்பனை தொடங்கும் நேர்ச்சாலையில். மோட்டார் ஓரத்தில் நின்றது. அதற்குப் பின்னால் தாரில் ஒரு கறுப்புக் கோடு, ஏறத்தாழ பத்தடி, சற்று வளைந்து புல்லில் முடிந்தது. சக்கரம் பூட்டிய இடம். சவரிமுத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சிலிண்டர் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று தெரிந்து, ஒரு செம்பனை ஓலையால் விசிறிக்கொண்டிருந்தார். ரெஜினா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டையின் முழங்கை கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. கோப்பு மடியில் இருந்தது. அதில் ஒரு துளி மண்கூட இல்லை.

என்னைப் பார்த்ததும் சவரிமுத்து சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

“அண்ணே, வந்துட்டீங்களா. ஒரு தடவ ஆறிப் போச்சு. ரெண்டாவது தடவதான் மக்கர் பண்ணுது.”

ஏழரை மணிக்கு முதல் முறை பூட்டியிருக்கிறது. ஆற வைத்து, உதைத்து, சிறிது தூரம் ஓட்டியிருக்கிறார். மறுபடி பூட்டியதில்தான் விழுந்திருக்கிறார்கள். அதன் பிறகு பிஸ்டன் அசையவே இல்லை.

வேனில் ஏறும்போது ரெஜினா தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னாள். “ரெண்டு கார் போச்சு அங்கிள். ஒண்ணு நிக்கவே நின்னுச்சு, ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக். ஏறிக்கச் சொன்னாங்க. அப்பா வேணாம்னுட்டாரு. ஆறினா போயிடும்னு நீங்க சொன்னீங்களாம்.”

நான் ஓட்டினேன். அவள் பின்னால் உட்கார்ந்து மலாயில் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நாலாவதும் வந்தது. சவரிமுத்து விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

லிப்பிஸில் நாங்கள் நுழைந்தபோது பதினொன்றே முக்கால். நேர்காணல் எடுத்த அதிகாரிகள் குவாந்தானிலிருந்து அன்றைக்கென்று வந்தவர்கள். வெள்ளித் தொழுகைக்கு முன் முடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். பெயரை மூன்று முறை அழைத்ததாக முகப்பில் இருந்த பெண் சொன்னாள். அவளிடம் எந்தக் கடுமையும் இல்லை. ரெஜினாவின் முழங்கையைப் பார்த்து எழுந்து போய், முதலுதவிப் பெட்டி கொண்டுவந்து, தானே கட்டுப் போட்டாள். நடந்ததை ஒரு கடிதமாக எழுதிக் கொடுக்கச் சொன்னாள், வேறு தேதி வரும் என்றாள். “சாபார் யா, டிக்” என்றாள். பொறுத்துக்கொள் தங்கச்சி.

ரெஜினா அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தேதி அடுத்த மாதத்துக்குள் வருமா என்று. அந்தப் பெண் தாளில் ரெஜினாவின் பிறந்த தேதியைப் பார்த்தாள். கடிதம் எழுத ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

கடிதத்தை நான்தான் எழுதினேன், மலாயில், முகப்பு மேசையில் நின்றபடி. இத்தனை வருடம் செய்தி எழுதிய கை. யார், எப்போது, எங்கே எல்லாம் வந்தது. ஏன் என்ற இடத்தில் ‘வாகனப் பழுது’ என்று எழுதினேன்.

திரும்பும் வழியில் மோட்டாரை வேனில் ஏற்றி, அந்தக் கறுப்புக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் சொன்னேன். ஜெட்டை யாருக்குக் கொடுத்தேன், ஏன் சொல்லாமல் விட்டேன், எல்லாம். சவரிமுத்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதை விரும்பினேன். ஏற்றம் தொடங்கியபோது சொன்னார்.

“நீங்க நேத்தே சொல்லியிருந்தா லோரியில போயிருப்போம் அண்ணே.”

அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஒரு சிறிய பொட்டலம் வந்தது. உள்ளே இரண்டு கீழ் ஜெட்டுகள், நன்றி எழுதிய ஒரு அட்டை.

அடுத்த நேர்காணல் தேதி வந்தபோது ரெஜினாவுக்கு இருபத்தொன்று முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வழி மூடிவிட்டது, வேறு பிரிவில் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். நான் நடந்ததை விளக்கி இன்னொரு கடிதம் எழுதினேன். இந்த முறை ‘ஏன்’ என்ற இடத்தில் உண்மையை எழுதினேன். என் பெயரையும் போட்டேன். ஜெட் என்றால் என்ன, மலைக்காற்று என்றால் என்ன என்றெல்லாம் இரண்டு பக்கம். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. விதி விதிதான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நிருபனாக இருந்ததால் எனக்குத் தெரிந்த இரண்டு அரசியல்வாதிகளையும் பார்த்தேன். படம் எடுத்துக்கொண்டார்கள்.

மோட்டாரை நான் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். புது பிஸ்டன், மலைக்கு ஏற்ற சரியான ஜெட், ஒரே ஒரு படி குறைத்து. கீழ் ஜெட்டைப் புது டியூபில் இறுக்கிச் சுற்றி, சீட்டுக்கடியில் கம்பியில் கட்டினேன். சவரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அச்சகத்துக்குப் போய் வேலைச் சீட்டில் ஒரு கட்டம் கூட்டச் சொன்னேன்.

அதன் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டேன். சிலர் எரிச்சல்பட்டார்கள். “எங்க போனா உங்களுக்கு என்ன லா?” என்றார்கள். கேட்டதனால் இரண்டு மூன்று வண்டிகள் தப்பியிருக்கலாம். தப்பிய வண்டி தப்பியதாக யாரும் வந்து சொல்வதில்லை, அதனால் எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் உங்களுக்கு ஆறுதலாகத் தரக்கூடியது எதுவும் என்னிடம் இல்லை. நான் ஓய்வு பெறும் வரை தேடிப் பார்த்துவிட்டேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ரெஜினா அந்த மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சவரிமுத்துவுக்கு முழங்கால் வலி. இப்போது அவள்தான் ஓட்டுகிறாள், உரிமம் இல்லாமல். அட்டை இல்லாதவளுக்கு உரிமம் ஏது. திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் சாமந்தி கட்டுகிறாள். பெரிய சாலையைத் தவிர்த்துத் தோட்டப் பாதைகளிலேயே போய்வருகிறாள்.

“நாலு நாளா ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது அங்கிள். நானே காப்ரேட்டரக் கழட்டிக் கழுவிப் பாத்தேன்.”

“எதுல கழுவின?”

“சிங்க்ல இல்ல, பயப்படாதீங்க. பேசின்ல.”

அவளால் சிரிக்க முடிந்தது. கார்புரேட்டரின் மிதவை ஒட்டிக்கொண்டிருந்தது, சின்ன வேலை. முடித்துவிட்டு வண்டியின் சீட்டைத் தூக்கி அடியில் பார்த்தேன். நான் கட்டிய டியூப் அப்படியே இருந்தது. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. முடிச்சு நான் போட்ட முடிச்சு. ஒருமுறைகூட யாரும் அவிழ்க்கவில்லை.

வேலைச் சீட்டை எடுத்து பெயர், எண், கோளாறு எழுதினேன். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

“எங்க போற வண்டி?”

அவள் ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கேள்வி அவளுக்கு விசித்திரமாகப் படவில்லை.

“திரிங்காப், வீடு. வேற எங்க அங்கிள்? கீழ ரோட் ப்ளாக்ல போலீசு ஐசி அட்டை கேப்பான்.”

அவள் போன பிறகு, வெடித்த ரப்பரை மாற்றிக் கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பின்னால் ஓடவில்லை. கட்டத்தில் ‘மேலே மட்டும்’ என்று எழுதினேன். தோட்டத்து ஆள் கீழே எங்கே போகப்போகிறான் என்று அன்றைக்கு நான் நினைத்தது இப்போது சரியாகிவிட்டது. அந்த வண்டிக்கு மலை ஜெட் ஒன்று போதும்.